கோடிங் சான்றிதழ் வேறு, முதுகலைப் படிப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மெடிக்கல் கோடிங் என்பது நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் (கோடு) போடும் வேலை. அதன் பயிற்சி விளம்பரங்களில் இப்போது 'ஹெல்த் இன்பர்மேஷன் மேனேஜ்மென்ட்' (மருத்துவத் தகவல் மேலாண்மை) என்ற பெயரும் சேர்ந்துகொண்டு வருகிறது. சில மாத கோடிங் வகுப்பையும் அந்தப் பெயரிலுள்ள இரண்டு ஆண்டு எம்.எஸ்சி.யையும் ஒன்றாகவே பேசுவதால் பட்டம் முடித்த பிள்ளைகள் குழம்புகிறார்கள். இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சில விவரங்கள்.

சென்னையிலும் கோவையிலும் நடக்கும் கோடிங் வேலை பெரும்பாலும் அமெரிக்கக் காப்பீட்டுக்கானது. அதற்கான சி.பி.சி. என்ற சான்றிதழ் தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கோடு புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், பட்டம் கட்டாயமில்லை. வேலைக்குப் போனால் 95 சதவீதத் துல்லியம் கேட்பார்கள். கௌரவமான வேலைதான். ஆனால் எக்ஸ்ரே ரிப்போர்ட் போல ஒரே வார்ப்பில் வருபவற்றுக்கு மென்பொருளே கோடு போடத் தொடங்கிவிட்டது. அதை மட்டும் நம்பிச் சேர்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முதுகலைப் படிப்புக்கு வேலை இருப்பது மருத்துவமனைக்குள், எம்.ஆர்.டி. எனப்படும் ஆவணப் பிரிவில். ஹீமோகுளோபின் 6 என்று லேப் ரிப்போர்ட் சொல்கிறது, ரத்தமும் ஏற்றியிருக்கிறார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் ரத்தசோகை என்ற சொல்லே இல்லை. கோடு போடுபவர் தானாக ஊகித்துச் சேர்க்கக் கூடாது. மருத்துவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அதையும் 'ரத்தசோகை என்று எழுதிவிடவா?' என்று கேட்கக் கூடாது. ரத்தம் ஏற்றியதற்கான நோயறிதல் என்ன என்றுதான் கேட்க வேண்டும். இப்படிக் கேட்க உடற்செயலியலும் தெரிய வேண்டும், பெரிய டாக்டரிடம் பேசும் துணிச்சலும் வேண்டும்.

இறப்புச் சான்றில் நடக்கும் பிழை இன்னும் மோசம். மருத்துவமனை மரணங்களுக்கான படிவம் 4-ல் மரணக் காரணத்தைச் சங்கிலியாக எழுத வேண்டும். மேல் வரியில் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, அடுத்து இடுப்புப் பக்கத் தொடை எலும்பு முறிவு, கடைசியில் வீட்டில் வழுக்கி விழுந்தது. முறையாக எழுதிய சங்கிலியில் புள்ளிவிவரத்துக்குப் போவது அந்த அடி வரிதான். பல சான்றுகளில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று மட்டுமே இருக்கும். இதயமும் மூச்சும் நிற்காமல் யார்தான் இறக்கிறார்கள்? விழுந்து இறந்த முதியவர் விழுந்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்.

நம்மூருக்கே உரிய தலைவலி இனிஷியல். ச. முருகன், முருகன் ச., முருகன் சண்முகம் என்று ஒருவரே மூன்று ஓ.பி. எண்களோடு இருப்பார், பிறந்த தேதி உத்தேசமாக ஜனவரி 1. ஒரு எண்ணில் பென்சிலின் அலர்ஜி பதிவாகியிருக்கும், மற்ற இரண்டிலும் இருக்காது. ஆபா எனப்படும் 14 இலக்கத் தேசிய சுகாதாரக் கணக்கு எண்ணைத் தவறான பதிவோடு இணைத்தால் பிழை அடுத்த மருத்துவமனைக்கும் போகும். இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து இணைக்க தரவுகளைத் தேடும் கணினி மொழியான எஸ்.க்யூ.எல். தெரிந்தால் மட்டும் போதாது. எதை இணைக்கக் கூடாது என்ற தீர்மானமும் வேண்டும்.

சட்டப் பக்கமும் உண்டு. மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி உள்நோயாளி ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். போலீஸ் வழக்கு சம்பந்தப்பட்ட கேஸ் ஷீட்டுகளை அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டிவரும். பூச்சி அரித்த கட்டு நீதிமன்றத்தில் செல்லாது!

சேர்வதற்கு முன் கல்லூரியிடம் கேட்க வேண்டியவை சில. எம்.ஆர்.டி.யில் நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், எத்தனை படுக்கையுள்ள மருத்துவமனையில்? பாடம் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி.யின் பழைய பதிப்பு ஐ.சி.டி.-10-ஓடு நிற்கிறதா, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 உண்டா? மருத்துவச் சொற்களுக்கான சர்வதேசக் குறியீட்டுத் தொகுப்பான ஸ்னோமெட் சி.டி. கற்றுத் தருகிறார்களா? இந்தியா 2014 முதல் அதில் உறுப்பினர் என்பதால் இங்கே உரிமம் இலவசம். சொல்லித் தராததற்குச் செலவைக் காரணம் காட்ட முடியாது.

2021-ம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இத்துறைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கிளினிக்கல் கோடரும் அதில் வருகிறார். சுகாதார வல்லுநர் என்ற தகுதிக்கு அச்சட்டம் கேட்பது குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு. இணை வல்லுநருக்கு 2,000 மணி நேரம். வார இறுதி வகுப்புகள் இதில் எங்கே நிற்கும் என்பதைப் பெற்றோரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இத்துறை நிர்வாகிகளுக்கான ஆர்.எச்.ஐ.ஏ. தேர்வு எழுதும் எண்ணமுள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதற்குப் பொதுவாக அங்கு இத்துறைப் படிப்புகளை மதிப்பிடும் 'காஹிம்' அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். 'சர்வதேச அங்கீகாரம்' என்று கல்லூரி சொன்னால், எந்த அமைப்பு, எந்த ஆண்டு வரை என்று எழுத்தில் வாங்கிய பிறகு கட்டணம் கட்டுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ ஆவண அலுவலர் ஒருவர்,
மதுரை