திரையில் இருக்கும் தேனீ கொட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடமாடும் தேனீப் பயிற்சி வண்டி பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். காலையில் ஊருக்குள் வரும் வண்டி மாலையில் கிளம்புவதற்குள் 40 தேனீ வளர்ப்பாளர்களை உருவாக்கிவிடுமாம். இதைத் தேனீக்களிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போதாக்குறைக்கு, கட்டுரையோடு வந்த படம் மலைத்தேனீயின் அடை. திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டித் தொங்கும் அந்த இனம் எந்தப் பெட்டிக்கும் வராது. வேளாண் பக்கம் நடத்தும் உங்களுக்கு இது தெரியாததல்ல. போன ஆண்டும் இதே படம்தான்.

குமரி மாவட்டத்தில் ஒரு தேனீக் கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பது அக்டோபர், நவம்பரில். ரப்பர் துளிர்த்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில்தான் தேன் வரத்து. ஜூன் மழை தொடங்கினால் தேனீக்குத் தீனிப் பஞ்சம். ஒரே ஒரு நாள் வரும் வண்டி இதில் எதைக் காட்டும்? ஒரே ஊருக்கு ஆண்டில் நான்கு முறையாவது வரவேண்டாமா?

வண்டியில் பெரிய திரை இருக்கிறதாம். திரையில் இருக்கும் தேனீ கொட்டாது. தேனீக் கூட்டம் உள்ள நியூட்டன் வகைத் தேனீப் பெட்டி குறைந்தது இரண்டு வேண்டும். அடை கட்டிய மரச்சட்டத்தை நேராகத் தூக்கி, நிமிர்த்தியபடியே திருப்பக் கை பழக வேண்டும். படுக்கையாகப் பிடித்தால் வெயிலில் புது அடை ஒடிந்து விழும். ராணி கண்ணில் படாவிட்டால் பதற வேண்டாம். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று அறைகளுக்குள் பாருங்கள். அடியில் ஒற்றை முட்டை நட்டுக்குத்தாக நின்றால் ராணி நேற்றோ இன்றோ இட்டது. அறைக்கு இரண்டு மூன்றாகப் பக்கச்சுவரில் ஒட்டியிருந்தால் ராணி போய், பணித்தேனீக்கள் இடத் தொடங்கிவிட்டன. செத்த புழுவை இடுக்கியால் எடுக்கும்போது நீர் கோத்த பை போல வந்தால், 1991 வாக்கில் தென்னிந்தியக் கூட்டங்களை அழித்த அதே தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நோய். அந்தப் பெட்டியின் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றவே கூடாது.

பஞ்ச காலத்தில் 1 கிலோ சீனிக்கு 1 லிட்டர் தண்ணீர். பாகை ஆறவைத்து, மாலையில், பெட்டிக்குள் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வரும், சிந்தினால் எறும்பு வரும். இரண்டும் சேர்ந்தால் கூட்டம் பெட்டியை விட்டே ஓடிவிடும். மானியத்தில் வந்த பெட்டிகள் பல இப்படித்தான் காலியாகி, இன்று வெங்காயம் போட்டுவைக்க உதவுகின்றன.

2022-ல் கதர் கிராமத் தொழில் ஆணையம் காசியாபாத் பக்கம் விட்ட தேன் பதப்படுத்தும் வண்டி, 8 மணி நேரத்தில் 300 கிலோ வரை சுத்தம் செய்யுமாம். நல்லது. ஜூலையில் தீனி வைக்கத் தெரியாத ஊரில் அது எதைச் சுத்தம் செய்யும்?

நான் கேட்பது இவ்வளவுதான்: வண்டி எந்த ஊருக்கு எந்த நாளில் வருகிறது என்பதை 15 நாள் முன்னதாக வெளியிடுங்கள். அடுத்த முறையாவது தேனீப் பெட்டியின் படம் போடுங்கள். படமெடுக்கப் பெட்டி கிடைக்காவிட்டால் சொல்லி அனுப்புங்கள். இங்கே காலியாக நிறைய இருக்கிறது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு தேனீ வளர்ப்பாளர்,
குலசேகரம்.