தள்ளுவண்டிக்காரர் கையில் ஒரு படத்தாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியேறியோர் உரிமைக்காக வரையப்படும் ஓவியங்கள் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை முள்வேலி, கண்ணீர், பட்டாம்பூச்சி என்று சுவரோவியங்களோடு நின்றுவிட்டது. அவை வேண்டாம் என்றில்லை. ஆனால் குடியேறியவரின் அன்றாடப் பிழைப்பைக் காப்பாற்றும் படங்கள் வேறு ரகம். கட்டுரையில் அவற்றுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

நியூயார்க்கின் ‘வெண்டர் பவர்’ அப்படியொரு மடிப்புத் தாள். ‘சென்டர் ஃபார் அர்பன் பெடகாஜி’ என்ற அமைப்பு, ‘ஸ்ட்ரீட் வெண்டர் புராஜெக்ட்’ என்ற தெருவியாபாரிகள் சங்கத்துடன் சேர்ந்து 2009இல் வெளியிட்டது; வடிவமைத்தவர் கேண்டி சாங். அந்நகரத் தெருவியாபாரிகளில் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். (வாஷிங்டன் சதுக்கத்தின் பெயர்பெற்ற தோசை வண்டியும் ஓர் இலங்கைத் தமிழர் தொடங்கியதுதான்.) விதிகளோ வக்கீல்களுக்கே தலைசுற்றும் ஆங்கிலத்தில் இருந்தன. கட்டட வாசலிலிருந்து 20 அடி, சாலையைக் கடக்கும் கோட்டிலிருந்து 10 அடி தள்ளி நிற்க வேண்டும். நடைபாதை 12 அடி அகலமாவது இருக்க வேண்டும். தவறினால், அந்தக் காலத்தில் 1000 டாலர் வரை அபராதம். தாள் இதையெல்லாம் படமாகவே காட்டியது. வங்காளி, சீனம், அரபி, ஸ்பானிஷ், ஆங்கிலம் என ஐந்து மொழிகளில் சுருக்கமான எழுத்து. கூடவே, பொதுமக்களுக்காகத் தெருவியாபாரத்தின் வரலாறும் சீர்திருத்தக் கோரிக்கைகளும்.

இப்படிப்பட்ட தாளில் காவலரைக் கோரைப்பல்லோடு வரைந்தால் கைதட்டல் கிடைக்கும், காரியம் கெடும். அபராதச் சீட்டு எழுத வருபவரிடமே நீட்டிக் காட்ட வேண்டிய தாள் அது. ஆகவே விதி எண்ணையும் படத்தின் மூலையில் பொடியெழுத்திலாவது போட்டுவிட வேண்டும்.

இப்படியொரு தாள் செய்ய நினைப்பவர்கள் முதலில் சட்டப் புத்தகத்தைத் தொட வேண்டாம். வியாபாரிகளிடம் உள்ள அபராதச் சீட்டுகளை வாங்கி அடுக்குங்கள். எந்த விதிக்கு அதிகம் சீட்டு விழுகிறதோ அதுதான் முதல் படம். ஒரு விதிக்கு ஒரு படம் போதும். மூன்று கட்டங்களில் தொடர்ச்சியாக வரைந்தால், வலமிருந்து இடமாகப் படிக்கும் அரபி வாசகர் கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குவார். வரைந்ததும் எழுத்தையெல்லாம் மறைத்து நாலு வியாபாரிகளிடம் காட்டி, என்ன புரிகிறது என்று கேளுங்கள். வாசலுக்கும் வண்டிக்கும் இடையே இழுத்த அம்பை, ‘வண்டியை இப்படித் தள்ளு’ என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. இருமுனை அம்பு போட்டு நடுவில் ‘20 அடி’ என்று எழுதினால் அந்தக் குழப்பம் தீரும். பக்கத்திலேயே ‘6.1 மீட்டர்’ என்றும் இருக்கட்டும். அடிக்கணக்கே தெரியாத ஊர்களிலிருந்து வந்தவர்கள் பலர்.

ஆங்கில வரி அடங்கும் கட்டத்தில் தமிழோ வங்காளியோ அடங்காமல் போகலாம். மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். இந்திய எழுத்துகளுக்கான அமைப்பை மென்பொருளில் இயக்க மறந்தால் ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே சிதறும். அதை அந்த மொழி படித்தவர்தான் கண்டுபிடிப்பார். எனவே அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பை அவர் பார்த்தாக வேண்டும். மூலக் கோப்பை மட்டும் பார்த்தால் பயனில்லை.

ஏ2 தாளை நான்கு முறை மடித்தால் ஏ6. ஏப்ரன் பையில் நுழையும். 90 முதல் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) தாள் சரியாக இருக்கும். கனத்த தாள் மடிப்பு குறுக்கிடும் இடத்தில் வெடிக்கும். 70க்குக் கீழே போனால் பின்பக்க மை தெரியும். மடிப்புக் கோட்டின் மேல் அடர்வண்ணமோ எண்ணோ வரக்கூடாது. அங்கேதான் மை முதலில் உதிரும்.

அச்சிட்ட மாதமும் வருடமும் ஓரத்தில் கட்டாயம். 2013இல் நியூயார்க் நகரமன்றம் அந்த உச்ச அபராதத்தை 500 டாலராகக் குறைத்தது. 1000 என்று அச்சான தாள்கள் அதோடு பழசாகிவிட்டன. தொகைகளை மட்டும் சிறு ஒட்டுத்தாளில் அச்சிட்டு ஒட்டிவிட்டால், சட்டம் மாறும்போது முழுத் தாளையும் மறுபடி அச்சடிக்கும் செலவு மிச்சம்.

இப்படிக்கு,
அச்சு வடிவமைப்பாளர் ஒருவர்,
குயின்ஸ், நியூயார்க்