பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் கல்யாண வீட்டாருக்கு நன்றி

அன்புள்ள மக்சிக், பக்சிக் (மலாய்ச் சித்தி, சித்தப்பா), எங்கள் அடுக்குமாடி அக்கா, தால்சா சட்டிக்குக் காவல் இருந்த தமிழ் முஸ்லிம் மாமா, எல்லாருக்கும் வணக்கம்.

சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் விருதுநகர்க்காரியான நான் நினைத்திருந்தேன். நீங்களோ முதல் நாளே வரச்சொல்லி, கையில் கத்தியும் ஒரு கூடைச் சின்ன வெங்காயமும் கொடுத்துப் பெண்களுக்கு நடுவே பாயில் உட்காரவைத்தீர்கள். மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், கல்யாணச் சமையல் என்றால் அக்கம்பக்கம் கூடிச் செய்கிற ரெவாங் வேலை, ஆளுக்கொரு பங்கு. எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கினீர்களே, பெரிய நன்றி அதற்குத்தான். வேலை கிடைத்ததும் பேச்சும் வந்துவிட்டது. என் அரைகுறை மலாயைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, மேலே சொல் என்றார்கள்.

உடை விஷயத்தில் அக்காவுக்கு நன்றி. "பட்டுப்புடவையே கட்டிக்க, ரவிக்கைக் கை மட்டும் நீளமா இருக்கட்டும் லா" என்றார். கவலை அதோடு தீர்ந்தது. மணப்பெண்ணின் விரல்களில் மருதாணிச் சிவப்பைப் பார்த்தபோது மிச்சக் கூச்சமும் போயிற்று.

மாமா, உங்களுக்கு எப்படிச் சொல்வது! பருப்பும் கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் கொதிக்கிற தால்சாவில் மாட்டெலும்பு போடுவது இங்கே வழக்கம். எனக்கென்று எலும்பில்லாமல் ஒரு சட்டி தனியாக வைத்து, அதன் அகப்பை பக்கத்துச் சட்டிக்குப் போய்விடாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டீர்கள். நான் கேட்கவே இல்லை. நெய்ச்சோறும் அந்தத் தால்சாவும் அச்சாரும் இன்னும் நாக்கில் நிற்கின்றன.

நிக்காஹ் முன்பே பள்ளிவாசலில் முடிந்திருந்ததால் அதைப் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் கொம்பாங் கைமேளங்கள் முழங்க, ஜிகினாத்தாள் பூங்கம்புகள் முன்னே அசைய, ஜரிகை நெய்த சொங்கெட் உடையில் மாப்பிள்ளை வந்த வரவு இருக்கிறதே! அன்று ஒரு நாள் மணமக்கள் ராஜா ராணி என்பார்கள், நம்பும்படியாகத்தான் இருந்தது. மக்சிக், ஓரமாக நின்ற என்னைப் பெலாமின் என்ற மணமேடைக்கே இழுத்துப்போய், பாண்டான் இலைக் கொத்தை வாசனை நீரில் தோய்த்து அவர்கள் கையில் தெளிக்கச் சொன்னீர்கள். மஞ்சள் அரிசியை அள்ளியதும் என் கை பழக்கத்தில் அட்சதை போட்டுவிட்டது. சரியாகத்தான் இருந்ததாம்.

விடைபெறும்போது பணத்தை மடித்து உள்ளங்கையில் வைத்து, கைகுலுக்குகிற சாக்கில் கொடுக்கச் சொல்லித் தந்தவரும் அக்காதான். பெயர் இல்லை, தொகை இல்லை, நோட்டுப் போட்டு எழுத ஆளும் இல்லை. எங்கள் பக்கத்தில் மொய் நோட்டு என்பது பாதி கடன் நோட்டு. திருப்பிச் செய்யும்போது புரட்டிப் பார்ப்போம். எனக்கென்னவோ உங்கள் முறைதான் பிடித்திருக்கிறது. ஊரில் சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார்.

மக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. அக்கா மகளே, இதை நீதான் மலாயில் படித்துக்காட்ட வேண்டும். மொய் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவிடு.