அணுக்கழிவுக்கு இடம் முடிவு செய்வதற்கு முன்னால் எங்களிடம் கேளுங்கள்

அனுப்புநர்
கடலோரக் கிராம மக்கள்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: கூடங்குளம் அணுக்கழிவு சேமிப்பு மையம் – கழிவு கடைசியில் போய்ச் சேரும் இடத்தைச் சொன்ன பிறகே, எங்கள் ஊர்களிலேயே, தமிழில் கருத்துக்கேட்பு நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற பழைய பேச்சைத் திரும்பக் கிளப்ப இந்த மனுவை எழுதவில்லை. அதில் எங்கள் ஊர்களில் ஆளுக்கொரு கருத்து உண்டு, உலையில் வேலைக்குப் போகிறவர்களும் எங்கள் தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். உலையில் எரிந்து முடிந்த எரிகோல்களை, அதாவது அணு எரிபொருள் அடைத்த குழாய்களை, எங்கே வைப்பது, அந்த இடத்தை முடிவு செய்யும் முன்னால் எங்களைக் கேட்பீர்களா, இந்த இரண்டும்தான் எங்கள் கேள்வி.

இந்தச் சேமிப்பு மையத்துக்காக 2019 ஜூலை 10-ஆம் தேதி ராதாபுரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். அது புதன்கிழமை. புதன்கிழமை எங்கள் ஆண்கள் கடலில் இருப்பார்கள், ஞாயிறு ஒருநாள்தான் தொழிலுக்குப் போகாமல் கரையில் இருப்பது. கரையை விட்டு அவ்வளவு தூரம் உள்ளே தள்ளி, அதுவும் வேலை நாளில் கூட்டம் வைத்தால் யார் வந்து பேசுவது? எதிர்ப்பு வலுத்ததால் கடைசியில் காலவரையின்றி ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்தது நல்லதுதான், ஆனால் அடுத்த முறையும் அதே மாதிரி ஒரு தேதி, அதே மாதிரி ஒரு இடம் என்று வந்துவிடுமோ என்ற பயம் எங்களுக்குப் போகவில்லை.

அந்த நாட்களில் மையத்தின் சுற்றுச்சூழல் தாக்க வரைவு அறிக்கையைப் பார்க்க நாங்கள் நாலு பேர் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். செங்கல் கனத்தில் ஆங்கில அறிக்கை ஒன்று மேசையில் இருந்தது, தமிழில் சில தாள்கள் மட்டும் தனியாகக் குத்தி வைத்திருந்தார்கள். எங்களோடு வந்திருந்த பீடி சுற்றும் அக்கா அந்தத் தமிழ்த் தாள்களை எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்துவிட்டு, "எத்தனை வருசத்துக்கு இங்கயே வச்சிருப்பாங்கன்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?" என்று கேட்டார். அங்கே இருந்தவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார், அப்புறம் அதிகாரி வந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். சாயங்காலம் வரை காத்திருந்தோம், அதிகாரி வரவில்லை.

அக்கா கேட்டதைத்தான் இன்றைக்கு உங்களிடம் கேட்கிறோம். 1988-இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் போட்டபோது, எரிந்து முடிந்த எரிபொருளை அவர்களே திருப்பி எடுத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. அதன்பின் அது மாறி, எல்லாம் இந்தியாவிலேயே இருக்கும் என்று ஆனது. அப்படி மாற்றும்போது எங்கள் ஊரில் யாரையும் கேட்கவில்லை. 2013 மே 6-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது: உலைக்கு வெளியே சேமிப்பு மையத்தை ஐந்து ஆண்டுக்குள் கட்ட வேண்டும், நிரந்தரமாகப் புதைக்க ஆழ்நிலக் கிடங்கையும் சீக்கிரம் அமைக்க வேண்டும். அந்தக் கழிவு கூடங்குளத்திலேயே தங்கிவிடுமோ என்ற மக்களின் பயம் தீர வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னது. முதல் வேலைக்கு 2018-இல் மறுபடி அவகாசம் கேட்டு 2022 வரை வாங்கினார்கள். இரண்டாவது வேலை? இந்தியாவில் இன்றுவரை அப்படி ஒரு கிடங்கு இல்லை.

நிரந்தர இடம் இல்லாமல் தற்காலிக இடம் என்று சொன்னால் எங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்? எரிகோல்களில் இருக்கும் புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு ஆகும் என்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுத்த காலனியில் வாசலில் நின்றாலே உலையின் குவிமாடங்கள் தெரியும், அந்தத் தெருவில்தான் எங்கள் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

அது கழிவே இல்லை, மறுசுத்திகரிப்பு செய்து திரும்பப் பயன்படுத்தப் போகிற பொருள் என்று பதில் வரலாம். சரி, அப்படியே இருக்கட்டும். கூடங்குளத்து எரிகோல்களுக்கு அந்த ஆலை எங்கே வரப்போகிறது, எந்த ஆண்டில், எந்தச் சாலை வழியாகக் கொண்டு போவீர்கள், சுத்திகரித்த பிறகு மிஞ்சும் வீரியமான கழிவு எங்கே போகும் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

2012-இல் இந்தக் கழிவைக் கோலார் தங்கச் சுரங்கத்தில் கொண்டு போய் வைப்பதாகப் பேச்சு அடிபட்டபோது கர்நாடகமே கொதித்தது, உடனே அப்படி ஒரு எண்ணமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சுரங்கத்தில் பாடுபட்டதும் பெரும்பாலும் நம் தமிழ்ச் சனம்தான், எங்கள் தலையில் இருப்பதை இறக்கி அவர்கள் தலையில் வையுங்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்க மாட்டோம். எந்த ஊராக இருந்தாலும் முதலில் அந்த ஊரைக் கேட்க வேண்டும் என்கிறோம்.

கேட்டுச் செய்த நாடு இருக்கிறது. பின்லாந்தில் யூரயோக்கி என்ற சின்ன ஊராட்சி, வேண்டாம் என்று சொன்னால் ஆழ்நிலக் கிடங்குத் திட்டம் அங்கேயே நின்றுவிடும் என்ற அதிகாரம் அதற்கு உண்டு. 2000 ஜனவரியில் அந்த மன்றம் கூடி ஓட்டுப் போட்டது, ஆதரவாக 20, எதிராக 7. அதற்கு அடுத்த ஆண்டுதான் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது, பாறையைக் குடைய ஆரம்பித்தது 2004-இல். இங்கிலாந்தின் கம்பிரியாவில் 2013 ஜனவரியில் கவுண்டி மன்றம் வேண்டாம் என்றதும் அங்கே இடம் தேடுவதை நிறுத்தினார்கள். எங்கள் கிராமசபைக்கு அந்த அளவு அதிகாரம் சட்டத்தில் இல்லை, தெரியும், ஆனால் கிராமசபை போடும் தீர்மானத்தைக் கூட்ட அறிக்கையோடு சேர்த்து மேலே அனுப்ப உங்களால் முடியும்.

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது நீங்களோ உங்கள் பிரதிநிதியோதான். தமிழில் சுருக்கம் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது, ஆனால் அது அதிகபட்சம் பத்துப் பக்கம். பத்துப் பக்கத்தில் 24,000 ஆண்டுப் பிரச்சினையைச் சொல்லிவிட முடியாது, முழு அறிக்கையையும் தமிழில் கொடுக்கச் சொல்லுங்கள். முப்பது நாள் அவகாசம் என்பது குறைந்தபட்சம்தானே, மூன்று மாதம் கொடுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, இடிந்தகரையிலும் கூடங்குளத்திலும் தனித்தனியாக வையுங்கள், போலீஸ் கூட்டம் அரங்குக்கு உள்ளே வேண்டாம். போலீசைப் பார்த்தால் இன்றைக்கும் எங்கள் பெண்கள் 2012 அணு உலைப் போராட்டத்தில் நடந்த தடியடியை நினைத்து வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நிரந்தர இடம் எது என்று ஒன்றிய அரசிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அந்தப் பதில் வரும்வரை கருத்துக்கேட்புத் தேதி குறிக்காதீர்கள். கழிவை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பச் சொல்லி 2022-இல் முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், அதனால் நாங்கள் கேட்பது மாநில அரசுக்கு விரோதமான கோரிக்கை இல்லை.

வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இந்த மனுவோடு நேரில் வருகிறோம். அந்த அக்காவும் வருவார். அவர் கேள்விக்குப் பதிலை எழுத்தில், தமிழில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ராதாபுரம் வட்டக் கடலோரக் கிராம மக்கள்