மேக்கு ஜன்னலுக்கு ஒரு சதுர அடி குடுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம சர்ச்சுல பாட்டுக்காரங்க நிக்கற மாடிக்குப் பின்னாடி, மேக்குச் செவுத்துல தகரம் வெச்சு அடைச்சிருக்கே அந்த வளைவு ஜன்னல், அதுல கலர் கண்ணாடி ஓவியம் வெக்கறதுன்னு பங்குக் கூட்டத்துல முடிவாயிருச்சு. ஆரு ஞாபகமான்னா, அந்தக் காலத்துல பிளேக்ல செத்தவங்களுக்கும் 2020, 2021ல கொரோனால போனவங்களுக்கும் சேத்துத்தான். பிளேக்குக்குப் பயந்து ஊரக் காலி பண்ணிட்டு காட்டுல சாளை போட்டு இருந்த கதையெல்லாம் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க, கோயமுத்தூர்ல பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே இருக்குது, நம்ம பங்குல போனவங்களுக்கு பழைய அடக்க ரிஜிஸ்டர்ல ஒரு வரி, அவ்வளவுதானுங்க.

படம் புனித ஆரோக்கியநாதர் (இங்கிலீஷ்ல செயின்ட் ரோக்), கொள்ளைநோய்க்காரங்களப் பாத்துக்கிட்டு தானும் நோவுல விழுந்தவரு. வாயில ரொட்டியோட நாயும் இருக்கும் (கோயிலுக்குள்ள நாய் எதுக்குன்னு கூட்டத்துல ஒருத்தர் கேட்டாரு, நோவுல கெடந்தவருக்கு ரொட்டி கொண்டாந்து குடுத்ததே அந்த நாய்தானுங்க, அது இல்லீன்னா அவரு பொழச்சிருப்பாருங்களா).

இதுக்கு எதுக்கு இத்தன காசு, ஸ்டிக்கர் ஒட்டிரலாமேன்னும் கேட்டாங்க. மேக்கு வெயிலுக்கு ஸ்டிக்கர் வெளுத்துருங்க. கலர் கண்ணாடில நீலம்னா கண்ணாடிய உருக்கும்போதே கோபால்ட் கலந்தது, மஞ்சளுக்கு வெள்ளி உப்பு தடவிச் சுடறாங்க, மூஞ்சி கண்ணெல்லாம் எழுதி 600 டிகிரிக்கு மேல சூளைல வெக்கறாங்க. பிரிண்ட் அடிக்கறதும் நூலுக்கே சாயம் ஏத்தறதும் ஒண்ணான்னு திருப்பூர் வேலைக்குப் போறவங்களக் கேளுங்க.

அப்புறம் காத்து. பாலக்காட்டுக் கணவாய்ல வர்ற ஆடிக்காத்து நேரா அந்தச் செவுத்துலதான் மோதுது. கண்ணாடித் துண்டுகள ஈயப்பட்டைல கோத்துத்தான் நிறுத்துவாங்க, ஈயம் இளசு, காத்து தள்ளத் தள்ள உப்பி வளைஞ்சுரும், அதனால குறுக்கால இரும்புக் கம்பி குடுத்து செம்புக் கம்பில கட்டோணும், வெளிய இன்னொரு சாதாக் கண்ணாடி, நடுவுல காத்துப் போக சந்து. இதுல மட்டும் மிச்சம் புடிக்கக் கூடாதுன்னு கமிட்டில எல்லாருமே சொல்லிட்டோம்.

9 அடிக்கு 4 அடி, 36 சதுர அடி, சாரக்கூலி சேத்து எஸ்டிமேட் 5,04,000 ரூவா. அடிக்கு 14,000 வருது. ஒரு வீடு ஒரு அடி எடுத்துக்கலாம், நாலு வீடு சேந்தும் எடுத்துக்கலாம், 100 ரூவா குடுத்தாலும் ரசீது உண்டு. ஆனா உபயம்னு கண்ணாடில பேரு எழுத மாட்டோமுங்க, டியூப்லைட்ல பேரெழுதி வெளிச்சத்த மறைச்ச கதை நமக்கு வேண்டாம். குடுத்தவங்க பேரு நோட்டீஸ் போர்டுல வரும், செத்தவங்க பேரு மட்டும் கண்ணாடில கடைசி வரிசைல. ரிஜிஸ்டர்ல விட்டுப்போன பேரு உங்க வீட்டுல தெரிஞ்சா பணத்துக்கு முன்னாடி அதக் குடுத்துருங்க, சுட்டதுக்கப்புறம் சேக்க முடியாது.

ஞாயித்துக்கெழம ரெண்டு பூசையும் முடிஞ்சு பங்கு ஆபீஸ்ல கமிட்டிக்காரங்க இருப்போம். ஆடிக்கு முன்னாடி மாட்டோணும், அதுக்கு தவக்காலம் முடியறதுக்குள்ள பாதிப் பணமாவது அட்வான்ஸ் கட்டோணுமுங்க.