நாற்பத்தெட்டில் ஒரு பங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஸ்பிட்ஃபயர் கிட் ஒன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், வாங்கியிருப்பதாகச் சொன்னாய். மார்க் 1 என்ற முதல் வகை, நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டாய். நான் சரியாகப் பதில் சொல்லாமல் மழுப்பிவிட்டுத் தொலைபேசியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "எழுதிப் போடுங்கள். வாயால் சொன்னால் அந்த விமானத்தின் மெர்லின் எஞ்சினில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவீர்கள்" என்கிறாள் அவள். அதனால் இந்தக் கடிதம். விமானியின் இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியைப் பற்றி மட்டும் கடைசியில் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் எதையும் ஒட்டாதே. பாகங்கள் கோத்திருக்கும் சட்டங்களை இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவை. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய வழவழப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகங்களைக் கையால் திருகிப் பிய்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். வெட்டுக் குறட்டால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கூரான கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய். அவசரப்பட்டு ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழுந்துவிடும்.

அளவு விஷயத்தை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும். உண்மையான ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். உன் மேஜையில் அது 23.4 சென்டிமீட்டர். ஆறடி மனிதன் நான்கு சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டான். இதையே திருப்பிப் போட்டுப் பார். நீ அலட்சியமாக விட்ட அரை மில்லிமீட்டர் இடைவெளி நிஜ விமானத்தில் 24 மில்லிமீட்டர், விரல் நுழையும் ஓட்டை. தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்றால், நிஜத்தில் அது ஒரு சென்டிமீட்டர் பள்ளம். அப்படி ஒரு விமானம் பறந்திருக்காது. அதனால்தான் அந்தக் கோடுகளைக் கறுப்பு மையால் அழுத்தி நிரப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. தரை ஓடு பதித்தது போல ஆகிவிடுகிறது. கரும்பழுப்பு ஆயில் பெயின்டை நீர்க்கக் கரைத்துக் கோட்டின் ஒரு முனையில் தொட்டால் போதும், அது தானாக ஓடிக்கொள்ளும். அரை மணி கழித்து, காற்று ஓடும் திசையில், மூக்கிலிருந்து வாலை நோக்கித் துடை.

காக்பிட்டில்தான் வேலையைத் தொடங்க வேண்டும், ஏனென்றால் உடலின் இரு பாதிகளையும் மூடிவிட்டால் அதற்குள் கை போகாது. உள்சுவர்கள் சாம்பல் கலந்த பச்சை. இருக்கையை அதே பச்சையில் அடித்துவிடாதே. ஸ்பிட்ஃபயரின் பல இருக்கைகள் உலோகத்தில் செய்தவை அல்ல, பிசின் ஊட்டி அழுத்திய பொருளில் வார்த்தவை, செம்பழுப்பாக இருக்கும். கருவிப் பலகையின் ஒவ்வொரு வட்டத்திலும் பளபளப்பு வார்னிஷை ஊசி முனையால் ஒரு துளி வை. காய்ந்ததும் கண்ணாடி போட்டது போலிருக்கும். இவ்வளவும் செய்து உடலை மூடியபின் முக்கால்வாசி வெளியே தெரியாது. தெரியாத இடத்துக்கு எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று உன் அம்மா முப்பது ஆண்டுகளாகக் கேட்கிறாள். நானும் முப்பது ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனுக்கு உள்ள மெல்லிய பசை உண்மையில் பசை இல்லை. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக உருக வைக்கிறது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் இணைப்பைத் தொட்டால் இடுக்கில் தானே இழுத்துக்கொள்ளும். லேசாக அழுத்து, உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கி வெளியே வரும். அதைத் துடைக்காதே. ஒரு நாள் விட்டுத் தேய்த்தால் இணைப்பு இருந்த சுவடே இருக்காது.

இறக்கைகளுக்கு அடியில் பார்க்கும்போது பயந்துவிடாதே. வலப்புறம் அகலமான பெட்டி போல ரேடியேட்டர், இடப்புறம் ஒடுங்கிய எண்ணெய்க் குளிர்விப்பான். ஆரம்ப கால ஸ்பிட்ஃபயர்கள் அப்படித்தான் இருந்தன. என் முதல் கிட்டில் நான் இதைத் தயாரிப்புக் கோளாறு என்று முடிவு கட்டி, பெட்டியோடு கடைக்குத் திரும்பிப் போய், கடைக்காரர் சிரித்த சிரிப்போடு வீட்டுக்கு வந்தேன்.

ஆணிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பிட்ஃபயரின் முதல் விமானமான கே5054 பறந்தது 1936 மார்ச் 5. அதன் உடம்பில் ரிவெட் ஆணிகள் தலை துருத்தாமல் தகட்டோடு மட்டமாக இருந்தன. அப்படி அடிப்பதற்குச் செலவும் நேரமும் அதிகம். எங்கெல்லாம் சாதாரண உருண்டைத் தலை ஆணி போதும் என்று தெரிந்தாக வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? உடைத்த பட்டாணிப் பருப்பை ஒவ்வோர் ஆணித் தலையிலும் பசை வைத்து ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பறந்து, எந்த இடத்து ஆணி வேகத்தைத் தின்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அசல் விமானத்தைச் செய்தவர்களும் நம்மைப் போல மேஜையில் குனிந்து சின்னதாக எதையோ ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பெயின்டைப் பீய்ச்சும் ஏர்பிரஷ் உன்னிடம் இல்லை என்றாய். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, அகலத் தூரிகையால் மூன்று நான்கு முறை மெல்லியதாகப் பூசு. முதல் பூச்சு திட்டுத் திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மனம் உடைந்து கெட்டியாக அப்புகிறவர்கள்தான் கெடுக்கிறார்கள். மேலே அடர் பச்சையும் மண் பழுப்பும். அடியில் என்ன நிறம் என்பது மாதத்தைப் பொறுத்தது. 1940 ஜூன் வரை அடிப்பக்கத்தில் இடப்பாதி கறுப்பு, வலப்பாதி வெள்ளை. கீழே இருக்கும் தங்கள் ஆட்களே சுட்டுவிடக் கூடாதே என்ற கவலை. அதன்பின் 'ஸ்கை' என்ற வெளிர்பச்சை வந்தது. தொடக்கத்தில் அந்தச் சாயல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கவில்லை. ஆகவே உன் பச்சை தவறு என்று யாராவது அடித்துச் சொன்னால் கவலைப்படாதே.

சின்னங்களும் எண்களும் அச்சிட்ட மெல்லிய படலமான டெகாலை ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிறைப்பட்டு வெள்ளி படர்ந்தது போல மின்னும். மேலே மென்மையாக்கும் திரவத்தைத் தடவியதும் டெகால் சுருங்கிக் கிழவி முகம் போல ஆகும். அந்த நேரத்தில் தொடாதே. எழுந்து போய் வேறு வேலை பார். திரும்பி வரும்போது அது பேனல் கோட்டுக்குள் படிந்து, பெயின்டில் வரைந்ததாகவே தெரியும். உன் பொறுமையை எனக்குத் தெரியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கல்லூரி நாட்களில் ஒருமுறை கேட்டாய்: "ஆளைக் கொல்லும் யந்திரத்துக்கு எதற்கப்பா இவ்வளவு அலங்காரம்?" அன்று நான் வரலாறு, பொறியியல் என்று ஏதேதோ பேசினேன். நீ நம்பவில்லை, நானும் நம்பவில்லை. மார்க் 1 இறக்கையில் பக்கத்துக்கு நான்காக எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள். உயரத்துக் குளிரும் ஈரமும் தூசியும் உள்ளே போகாதிருக்க, அவற்றின் வாய்களைச் சிவப்புத் துணித் துண்டுகளால் மூடி ஒட்டியிருப்பார்கள். சுட்டால் துணி கிழிந்துவிடும். திரும்பி வரும் விமானத்தின் துணியைப் பார்த்தே சண்டை நடந்ததா என்று தரையில் நிற்கிறவர்கள் தெரிந்துகொள்ளலாம். பலர் துணியையும் முழுதாக ஒட்டி, இறக்கையில் வெடிமருந்துப் புகைக்கறையும் பூசுகிறார்கள். ஒரே பறப்பில் இரண்டும் சேர்ந்திருக்க முடியாது. நான் செய்த எல்லா ஸ்பிட்ஃபயரிலும் துணி கிழியாமல் இருக்கும். அலமாரியில் போய்ப் பார்த்து எண்ணிக்கொண்டேன். உன் கேள்விக்கு இது பதிலா என்று தெரியவில்லை. என் கை அப்படித்தான் போகிறது.

இனி கண்ணாடி மூடி.

இதே விமானத்தைப் பன்னிரண்டு வயதில் நீ செய்தாய். மூடியை வெள்ளைப் பசையால் ஒட்டிவிட்டு, மறுநாள் தேர்வு என்று படுக்கப் போனாய். நீ செய்தது சரி. கண்ணாடிப் பாகத்துக்கு வெள்ளைப் பசைதான். இரவு பார்க்கலாமென்று நான் கையில் எடுத்தேன். பசை காய்ந்திருக்கவில்லை, மூடி நகர்ந்துவிட்டது. விடிவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று இரண்டு சொட்டு சூப்பர் குளூ வைத்தேன். தூசி விழக் கூடாதென்று அட்டைப்பெட்டியால் வேறு மூடினேன். சூப்பர் குளூவின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெண்மையாகப் படியும் என்பது அப்போதும் எனக்குத் தெரியும். இரண்டு சொட்டுதானே என்று நினைத்தேன். காலையில் மூடியின் உள்பக்கம் பனி பிடித்த ஜன்னல் போல இருந்தது. வெளிப்பக்கமாக இருந்தால் தேய்த்துத் துலக்கியிருக்கலாம்.

நீ உன் பசைதான் கெடுத்தது என்று நினைத்தாய். நான், "பரவாயில்லை, அடுத்த முறை பசையைக் குறைத்துப் போடு" என்றேன்.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. உன் கை முரட்டுக் கை என்று நீயே சொல்லிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாய். பதினாறு ஆண்டுகள். போன ஞாயிறு, "இந்த முறை மூடியைக் கெடுக்க மாட்டேன் அப்பா" என்று சிரித்தாயே, அப்போதுதான் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன்.

அன்று மூடி கெட்ட அந்த வாரமே மாற்று மூடி இரண்டு வாங்கினேன். மெல்லிய தகட்டில் வெற்றிடத்தால் இழுத்து உருவாக்கியவை. கிட்டோடு வருவதைவிட மிக மெல்லியவை. கொடுத்தால் ஏன் என்று கேட்பாய், சொல்ல வேண்டிவரும். மேஜை இழுப்பறையிலேயே இருந்துவிட்டன. இந்தப் பொட்டலத்தில் அவை இரண்டும், உன் பழைய விமானமும் வருகின்றன. மூடியைப் புதிய பிளேடால், ஒரே மூச்சில் வெட்டப் பார்க்காமல், பத்துப் பதினைந்து முறை லேசாகக் கீறி எடு. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கிறது. பழைய மூடியின் அடியில் கத்தி முனையை நுழைத்து நெம்பினால் வந்துவிடும். சூப்பர் குளூ நெம்பி உரிப்பதைத் தாங்காது. உள்ளே இருக்கையைப் பார். பன்னிரண்டு வயதில் நீ அதைச் செம்பழுப்பாகத்தான் அடித்திருக்கிறாய். யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்கு நினைவில்லை.

வாலுக்குப் போகும் ரேடியோ ஏரியல் இழை அறுந்திருக்கும். மெழுகுவத்திச் சுடரில் பாகங்களை வெட்டியெடுத்த பிளாஸ்டிக் சட்டத் துண்டைக் காட்டி, தொய்யும்போது இழுத்து, தலைமுடி போல நூலாக்கிக்கொள். அது எப்போதோ தானாக அறுந்தது. இதில் மட்டும் என் கை இல்லை.

அப்பா