அணியமும் அமரமும்

பாப்பா,

பனியில் நின்று சறுக்க நீ வாங்கப் போகிற ஸ்னோபோர்டு என்று அனுப்பிய மூணு போர்டு படமும் வந்தது. "நைனா, எது நல்லா இருக்குன்னு சும்மா சொல்லு" என்று கேட்டிருந்தாய். சும்மா சொல்ல எனக்கு வராது என்பது உனக்கே தெரியும். ஒரு வாரமாக ராத்திரி சாப்பிட்டதும் உன் தம்பியின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஸ்னோபோர்டு செய்கிற வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகிப் புகையில் பிடித்த இருமல் ஆயாவுக்கு இன்னும் விடவில்லை, அவங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுங்க எதுக்குடா மலையில ஏறி பலகையைக் கட்டிக்கினு விழுதுங்க" என்று கேட்கிறாங்க. நான் என்ன பதில் சொல்ல?

ஆனால் பலகை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷமாகக் காசிமேட்டில் ஃபைபர் படகு போடுகிறேனே, அதே வேலைதான் அது. நடுவில் லேசான மரத்தைப் பட்டை பட்டையாக ஒட்டி வைக்கிறார்கள், மேலே ஒரு ஃபைபர் துணி, கீழே ஒரு ஃபைபர் துணி, ரெசின் ஊற்றி சூடான பிரஸ்ஸில் அழுத்துகிறார்கள், ஓரத்தில் எட்ஜ் என்று இரும்பு, அடியில் பிளாஸ்டிக். நாங்கள் போடுவது பாலியஸ்டர் ரெசின், அவர்கள் போடுவது எபாக்சி. மற்றபடி படகில் மோட்டார் மாட்டுகிற இடத்தில் உள்ளே மரம் வைத்து இரண்டு பக்கமும் ஃபைபர் மேட் ஒட்டுகிறோமே, அதே சங்கதிதான். மரத்தின் வேலை இரண்டு ஃபைபரையும் தள்ளித் தள்ளி நிறுத்துவது, இழுப்பையும் அழுத்தத்தையும் வாங்குவது ஃபைபர். அதனால் நைனாவுக்குப் பனியைப் பற்றித் தெரியாது, பலகையைப் பற்றித் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே படி.

முதலில் அந்தக் கடைக்காரன் உன் தலையில் கட்டப் பார்க்கிற 152 சென்டிமீட்டர் நீள விறைப்பான போர்டு. அது வேண்டாம். "இப்போ கஷ்டமா இருக்கும், போகப்போக நீ அதுக்கு வளர்ந்துடுவே" என்று சொன்னான் என்றாயே, அதைக் கேட்டதும் உனக்கு ஆறாவதில் தைத்த யூனிஃபார்ம்தான் ஞாபகம் வந்தது. வளர்கிற பிள்ளை என்று டெய்லரிடம் ரெண்டு சைஸ் பெரிதாகத் தைக்கச் சொன்னோம், நீ அந்த வருஷம் முழுக்க பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாய், விளையாட்டு விழாவில் தடுக்கி விழுந்ததும் அதனால்தான். விறைப்பான போர்டு கெட்ட போர்டு இல்லை. வேகமாக வந்து பெரிய ஜம்ப்பில் பறந்து இறங்குகிறவர்களுக்கு அதுதான் நிற்கும், மெத்தென்றது அந்த வேகத்தில் படபடவென்று அடித்துக்கொள்ளும். நீ இப்போது பழகுவது என்ன? ஆலி என்று பலகையோடு எம்புவது, பட்டர், 180 என்று அரை வட்டம் சுற்றி இறங்குவது, பாக்ஸ் என்று பனியில் வைத்திருக்கிற பெட்டி மேல் நேராகச் சறுக்கிப் போவது. மெதுவாகப் போகும்போதே பலகை உன் காலுக்கு வளைந்து கொடுக்க வேண்டிய வேலைகள் இவை. 58 கிலோ உடம்பு ஏறி நின்று அழுத்தினால் வளையாத பலகையில் பட்டர் எப்படிப் பழகுவாய்? (அந்தப் பெயருக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவுவதைச் சொல்கிறார்கள். பாரத்தை ஒரு முனையில் சாய்த்து மறு முனையைத் தூக்கி வட்டமாக இழுப்பதைப் பார்த்தால் எனக்கு தோசைக்கல்லில் மாவைச் சுற்றுகிற கரண்டிதான் தெரிகிறது.)

விறைப்பு என்றால் பலம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். சுனாமிக்கு அப்புறம் 2005-இல் ராத்திரி பகல் பார்க்காமல் படகு போட்டுக்கொண்டிருந்தோம் இல்லையா, அப்போது உன் மாமாவுக்கு ஒரு படகு போட்டேன். மச்சான் படகாச்சே என்று நடுவில் மட்டும் ரெண்டு மூணு அடுக்கு மேட் கூடுதலாகப் போட்டு இரும்பு மாதிரி ஆக்கினேன். மூணாவது மாசம் கரையேறும்போது அலை அடித்த அடியில் விரிசல் விட்டது. எங்கே விட்டது தெரியுமா? மெல்லிசான இடத்தில் இல்லை, தடிமன் முடிந்து மெல்லிசு தொடங்குகிற அந்தக் கோட்டில். வளைய வேண்டியது வளையவில்லை என்றால் அந்த அடி எல்லாம் ஒரே இடத்தில் போய் உட்காரும். உன் விஷயத்தில் அது உட்காருகிற இடம் உன் முட்டியும் இடுப்பும். உன் மாமா இன்றைக்கும் கல்யாணம் காதுகுத்து எங்கே பார்த்தாலும் அந்தப் படகைப் பற்றிப் பேசுவார், அது வேறு விஷயம்.

ஃப்ளெக்ஸுக்கு, அதாவது பலகை எவ்வளவு விறைப்பு என்பதற்கு, ஒன்றிலிருந்து பத்து வரை நம்பர் போட்டிருக்கிறார்கள். அதை ரொம்ப நம்பாதே, ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கில் போடுகிறான், ஒருத்தன் மூணு இன்னொருத்தனுக்கு அஞ்சு. நீ மூணு, நாலு என்று போட்டிருப்பதை எடுத்து, முனையைத் தரையில் ஊன்றி நடுவில் கை வைத்து அழுத்திப் பார். அப்புறம் இரண்டு கையாலும் துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பார். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் முறுக்கு கொடுப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஃபைபர் துணியை நேராகவும் குறுக்காகவும் மட்டும் ஓடவிட்டால் அதற்குப் பையாக்ஸ் என்று பெயர், பலகை லேசாக முறுக்கிக் கொடுக்கும், இரண்டு காலையும் தனித்தனியாகப் பேச விடும். அதோடு சாய்வாகவும் இழை ஓடினால் ட்ரையாக்ஸ், முறுக்கு குறைந்து பிடிப்பு கூடும். நீ கேட்கிற விளையாட்டுப் பலகைக்குப் பையாக்ஸ் போதும்.

அடுத்தது ட்வின். இதில் மட்டும் விட்டுக் கொடுக்காதே. படகுக்கு முன்பக்கமான அணியம் ஒரு மாதிரி, பின்பக்கமான அமரம் ஒரு மாதிரி, ஏனென்றால் படகு ஒரு பக்கம்தான் போகும். நீ 180 சுற்றி இறங்கினால் அமரம் அணியமாகிவிடுகிறது, அதே வேகத்தில் பின்னங்கால் முன்னங்காலாகிவிடுகிறது. அப்போது இரண்டு முனையும் நீளம், அகலம், வளைவு, விறைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்தால்தான் உனக்கு வித்தியாசம் தெரியாது. அதைத்தான் ட்ரூ ட்வின் என்கிறார்கள். டைரக்‌ஷனல் ட்வின் என்று இன்னொன்று விற்கிறார்கள், வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், பின்பக்கம் விறைப்பு கூட வைத்திருப்பான், அல்லது கால் வைக்கிற இடம் பின்னே தள்ளியிருக்கும், பெயரில் ஏமாறாதே. பூட்ஸைப் பலகையோடு பிடிக்கிற பைண்டிங்கையும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சம தூரத்தில் மாட்டச் சொல், பாதம் இரண்டும் வெளியே பார்க்கிற மாதிரி, முன்னே 15 டிகிரி பின்னே 15 டிகிரி என்று தொடங்கி, முட்டி வலித்தால் 12-க்குக் குறை. உன் தம்பி ராயபுரத்தில் பாக்சிங் போன காலத்தில் மாஸ்டர் வாரத்தில் ஒரு நாள் எதிர்க்கால் முன்னே வைத்தே ஆடச் சொல்வாரே, முதல் மாசம் குத்து வாங்கி மூக்கு வீங்கி வந்தானே, அப்படித்தான் இருக்கும் உனக்கும். இப்போதே பழகிவிடு.

அந்த ஆக்டோபஸ் படம் போட்ட இரண்டாவது போர்டு. படம் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். அது முழுக்க ராக்கர், நம் பழைய கட்டுமரம் மாதிரி முனை தூக்கி நடு மட்டும் தரையில் படுவது. முனைகள் பனியில் படாததால் எட்ஜ் மாட்டி உன்னைக் குப்புறத் தள்ளுவது குறையும், தட்டாமாலை சுற்றச் சுகமாக இருக்கும். ஆனால் நீ போகிறது எந்த ஊர்? கனடா கால்கரியில் 1988 ஒலிம்பிக் போட்டிகள் நடந்த அந்தக் குன்றில்தானே வாரம் மூணு நாள் வேலை முடிந்து போகிறாய். மலையிலிருந்து இறங்குகிற அந்த வெப்பமான சினூக் காற்று வந்தால் ஒரே நாளில் பனி உருகும், மறுபடி உறைந்தால் கண்ணாடி என்று நீயே போன மாசம் சொன்னாய். கண்ணாடியில் ராக்கர் பிடிக்காது, சோப்புக் கட்டி மாதிரி போகும். முழு கேம்பர், அதாவது நடு தூக்கி முனைக்குப் பக்கத்தில் தரையில் படுவது, நன்றாகப் பிடிக்கும், ஸ்பிரிங் மாதிரி எம்பும், ஆனால் தப்பாகக் கால் வைத்தால் மன்னிக்காது. அதனால்தான் மூணாவதைச் சொல்கிறேன், கால் வைக்கிற இடத்துக்குக் கீழே கேம்பர், முனை இரண்டும் தூக்கல், 145, ட்ரூ ட்வின். எம்பவும் செய்யும், தப்பையும் பொறுத்துக்கொள்ளும். எட்ஜை அலை அலையாக வெட்டுகிற கம்பெனி ஒன்றும் இருக்கிறது, லிப் டெக், நூ என்ற பெயர்களில் வருவது, ரம்பத்து வாய் மாதிரி ஐஸைக் கடிக்கும் என்கிறார்கள். அதுவும் பார்க்கலாம், விலை ஒத்து வந்தால்.

நீளம் 143-இலிருந்து 146 வரை உனக்குப் போதும். மலை முழுக்கச் சுற்றுகிறவர்கள் எடுப்பதைவிட ரெண்டு மூணு சென்டிமீட்டர் குறைவு, சுற்றுவதற்குச் சுலபம். உயரத்தை வைத்து மோவாய் வரை, மூக்கு வரை என்று அளப்பதெல்லாம் பழைய கதை, பலகைக்குத் தெரிவது உன் எடைதான். அகலத்துக்குப் பாதத்தைப் பார், உன் பாதம் 25 சென்டிமீட்டர், இடுப்பு, அதாவது பலகையின் நடு அகலம், 24 சென்டிமீட்டர் பக்கம் இருக்கிற பலகை சரி. பூட்ஸ் ஓரத்தில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கலாம், ரொம்ப நீட்டினால் சாயும்போது பனியில் உரசி இழுத்துவிடும்.

அடிப்பாகத்தில் சின்டர்டு என்று காசு கூடக் கேட்பார்கள். வேகம் உண்டு, ஆனால் அடிக்கடி மெழுகு கேட்கும். நீ ரெயில் என்கிற இரும்புக் கம்பியில் தேய்க்கப் போகிறாய், எக்ஸ்ட்ரூடடு என்கிற சாதா வகை போதும், கீறல் விழுந்தால் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஊற்றி நீயே அடைக்கலாம். எட்ஜ் பக்கம் மட்டும் கவனம். ரெயிலுக்குப் போகிறவர்கள் மாட்டாமல் இருக்க எட்ஜை மழுக்குவார்கள், நீ முனை திரும்புகிற இடத்தில் மட்டும் மழுக்கு, இரண்டு காலுக்கும் நடுவில் வேண்டுமானால் லேசாக. முழுக்க மழுக்கினால் அந்தக் கண்ணாடிப் பனியில் என்னத்தைப் பிடித்து நிற்பாய்? பைண்டிங் வாங்குமுன் துளையைக் கேட்டுக்கொள், பர்ட்டன் கம்பெனி போர்டில் நீளமாக ஒரு சால் இருக்கிறது, மற்றதில் துளைத் துளையாக இருக்கிறது, சேருமா என்று கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்.

மார்ச் ஏப்ரலில் சீசன் முடியும்போது அதே போர்டு விலை இறங்கும், அவசரம் இல்லை என்றால் காத்திரு. ஒருத்தி பழசு தருகிறாள் என்றாயே, அதுவும் தப்பில்லை, ஆனால் காசு கொடுக்கும் முன் ஒரு நாணயத்தை எடுத்து பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போ. பழைய படகை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். டக் டக் என்று வந்தால் நல்லது, ஒரு இடத்தில் மட்டும் பொத் என்று கேட்டால் உள்ளே ஃபைபர் மரத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடு. எட்ஜ் வெடித்து மரம் தெரிந்தாலும் வேண்டாம், தண்ணீர் குடித்த மரம் திரும்ப வராது.

மணிக்கட்டு விஷயம். வீடியோ காலில் நீ இடது கையைக் கேமராவுக்குக் காட்டவே இல்லை, எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? இந்த விளையாட்டில் புதிதாக வருகிறவர்கள் அதிகம் உடைத்துக்கொள்வது அதைத்தான், விழும்போது கையை ஊன்றி. ரிஸ்ட் கார்டு வாங்கு, போர்டு விலையில் அதற்கு எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தில் போர்டு பார். விழும்போது கையை மடக்கி முஷ்டி பிடி, முழங்கை முதல் மணிக்கட்டு வரை மொத்தமாகத் தரையில் படட்டும். ஹெல்மெட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் சின்ன பாக்ஸ், அப்புறம்தான் ரெயில், ஏறுமுன் ஒரு தடவை சும்மா பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வா.

இதைத் தேடும்போதுதான் ஒரு விஷயம் படித்தேன். 1965-இல் அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் மஸ்கீகன் என்ற ஊரில் ஷெர்மன் பாப்பன் என்று ஒருத்தர், கிறிஸ்துமஸ் அன்றைக்கு வீட்டில் பெண்பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டேன் என்றதும் இரண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டி அதன் மேல் நிற்க விட்டாராம். ஸ்னர்ஃபர் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு நீ ஏறுகிற பலகைக்கெல்லாம் அதுதான் பாட்டி. சேர்த்துக் கட்டினது என்றதும் எனக்குக் கட்டுமரம்தான். உனக்கு ஏழு வயசில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஐஸ் பார் உருகி வழுக்கிக் கிடந்த தரையில் மீன் பெட்டி மூடியின் மேல் நின்று சறுக்கினாயே, நான் ஓடி வந்து முதுகில் ஒன்று வைத்தேனே, அந்த ஆள் இருந்திருந்தால் மூடிக்கு அடியில் மெழுகு தடவிக் கொடுத்திருப்பார்.

போர்டு வந்ததும் பைண்டிங் மாட்டுவதற்கு முன்னால் சமமான தரையில் வெறும் பலகையை வை. ஒரு பேப்பரை முனையிலிருந்து அடியில் நுழைத்துக்கொண்டே போய் எங்கே தட்டுகிறதோ அங்கே பென்சிலில் ஒரு கோடு போடு, மறு முனையிலிருந்தும் அதே மாதிரி போடு. இரண்டு கோடும் முனையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அம்மாவிடம் கையைப் பற்றி நீயே சொல்லிவிடு, நேற்று சங்கரா மீன் ஆய்ந்துகொண்டே ரெண்டு தடவை கேட்டாள், நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நைனா